தாத்தாவின் ஆல்பம் யாருக்குச் சொந்தம்? கலைஞர் வாழ்க்கையை எழுதுவதும் தென்னாப்பிரிக்கச் சட்டமும்

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் மதராஸிலிருந்து டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் வந்தவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் தங்கள் கூத்தையும் பாட்டையும் கரும்புத் தோட்டங்களுக்குக் கூடவே கொண்டுபோனார்கள். இங்கே ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று பேர் வாங்கிய தெருக்கூத்து இன்னும் நம் கோயில் திருவிழாக்களில் ஆடப்படுகிறது. ஆனால் அதை ஆடியவர்கள், மத்தளம் வாசித்தவர்கள், பிள்ளைகளுக்கு அடவு பழக்கியவர்கள், கல்யாண மேடைகளில் பாடிய ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் ஆகியோரில் எத்தனை பேருடைய வாழ்க்கை புத்தகமாகியிருக்கிறது? இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பாரக்ஸிலிருந்தும் குடும்பங்களைச் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்த்தார்களே, அப்போது பாட்டு நோட்டுகளும் போட்டோக்களும் எவ்வளவோ தொலைந்தன. தப்பியவை சில வீடுகளில் பெட்டிக்குள் கிடக்கின்றன.

இப்போது பேரப்பிள்ளைகள் அந்தப் பெட்டிகளைத் திறக்கத் தொடங்கியிருக்கிறார்கள். எழுத வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. கூடவே ஒரு பயமும் இருக்கிறது: “அவர் பாட்டைப் போடலாமா? போட்டோவுக்கு யாரிடம் கேட்பது? சித்தப்பா கேஸ் போட்டுவிடுவாரோ?” இந்தப் பயத்தாலேயே நின்றுபோகும் புத்தகங்கள் உண்டு. எதையும் யோசிக்காமல் அச்சடித்துவிட்டு வக்கீல் நோட்டீஸ் வாங்குபவர்களும் உண்டு. இரண்டுமே நடக்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்த அறிமுகம். இது வக்கீல் ஆலோசனைக்கு மாற்றல்ல. ஆனால் வக்கீலிடம் போகும்போது எந்தக் கேள்வியோடு போக வேண்டும் என்பது இதைப் படித்தால் தெரியும்.

வாழ்க்கைக்குச் சொந்தக்காரர் இல்லை

முதலில் மனதில் நிறுத்த வேண்டியது இதுதான். ஒருவர் வாழ்ந்த வாழ்க்கை யாருடைய சொத்தும் அல்ல. அவர் எங்கே பிறந்தார், யாரிடம் கற்றார், எந்தக் கோயிலில் ஆடினார், எப்போது இறந்தார் என்பதெல்லாம் நடந்த செய்திகள். செய்திக்குப் பதிப்புரிமை கிடையாது. ஆகவே ஒரு கலைஞரின் வாழ்க்கையை எழுத அவருடைய குடும்பத்தின் அனுமதி சட்டப்படி தேவையில்லை. குடும்பம் ஒப்புக்கொண்டு எழுதினால் பெட்டிகள் திறக்கும், கதைகள் கிடைக்கும், மனக்கசப்பு வராது. அதனால் கேட்பது நல்லது, நான் கேட்கத்தான் சொல்வேன். ஆனால் “என் அப்பாவைப் பற்றி என்னைக் கேட்காமல் எழுதக்கூடாது” என்று ஒருவர் சொன்னால், அது அவருடைய வருத்தம். அதுவே சட்டம் ஆகிவிடாது.

சட்டம் எங்கே குறுக்கே வருகிறது? இரண்டு இடங்களில். அந்த வாழ்க்கை விட்டுச்சென்ற பொருள்கள், அதாவது பாட்டு, கடிதம், போட்டோ, ஓவியம், ஒலிப்பதிவு ஆகியவை ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளர் இருக்கலாம். இது பதிப்புரிமைச் சங்கதி. அப்புறம், அந்தக் கதைக்குள் வருகிற மனிதர்களில் பலர் இன்னும் உயிரோடு இருப்பார்கள். அவர்களுக்கு மானமும் அந்தரங்கமும் உண்டு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் தனித்தனியாகப் பார்த்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

பெட்டிக்குள் இருப்பவை

ஒரு கற்பனைக் கலைஞரை வைத்துக்கொள்வோம். டோங்காட் பக்கம் கூத்து வாத்தியாராக இருந்தவர். 1974இல் காலமானார். பேத்தி எழுத உட்கார்ந்திருக்கிறாள். பெட்டிக்குள் ஒரு பாட்டு நோட்டு, ஒரு டைரி, மதராஸிலிருந்து நண்பர் எழுதிய கடிதங்கள், ஒரு ஆல்பம், பத்திரிகைத் துண்டுகள், ஒரு கிராமபோன் தட்டு எல்லாம் இருக்கின்றன.

தென்னாப்பிரிக்காவில் இவற்றுக்கெல்லாம் அடிப்படை 1978ஆம் ஆண்டின் 98ஆம் எண் பதிப்புரிமைச் சட்டம். பதிப்புரிமைக்காக எங்கேயும் போய்ப் பதிவுசெய்யத் தேவையில்லை. சொந்தமாக எழுதிய பாட்டு காகிதத்திலோ நாடாவிலோ பதிந்த உடனேயே உரிமை தானாக வந்துவிடுகிறது. எழுத்துக்கும் இசைக்கும் அந்த உரிமை, படைத்தவரின் ஆயுளும் அதற்குமேல் 50 ஆண்டும் நிற்கும். இறந்த ஆண்டின் முடிவிலிருந்து கணக்கு. நம் வாத்தியார் 1974இல் இறந்தார் என்றால், அவர் தானே எழுதி மேடையில் பாடிய பாட்டுகளின் உரிமை 2024 டிசம்பர் 31 அன்று முடிந்துவிட்டது. பேத்தி அவற்றை முழுசாகவே அச்சிடலாம்.

டைரி அப்படியல்ல. இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். படைத்தவர் உயிரோடு இருந்தவரை வெளியிடப்படாத, மேடையேறாத, ஒலிபரப்பாகாத, தட்டாக விற்பனைக்கும் வராத எழுத்துக்கு அந்த 50 ஆண்டு இன்னும் ஓடவே தொடங்கவில்லை. முதன்முதலாக வெளியாகும் ஆண்டின் முடிவிலிருந்துதான் அது தொடங்கும். ஆகவே ஒரே பெட்டிக்குள், ஒரே கையால் எழுதிய இரண்டு நோட்டுகளில், பாட்டு நோட்டு எல்லோருக்கும் பொது, டைரி மட்டும் வாரிசுகளின் சொத்து என்ற நிலை வரலாம். நோட்டு எவ்வளவு பழையது என்பதை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அது வெளியே வந்ததா என்று பாருங்கள்.

கடிதங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தாத்தாவுக்கு வந்த கடிதத்தின் காகிதம் தாத்தாவுடையது, இப்போது பேத்தியுடையது. அதில் உள்ள வாசகம் எழுதிய நண்பருடையது, அவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளுடையது. காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தோம் என்பதற்காக வாசகத்தை அச்சிடும் உரிமை நமக்கு வந்துவிடாது. அதே கணக்குப்படி, தாத்தா எழுதி அனுப்பிய கடிதம் மதராஸில் யார் வீட்டில் கிடந்தாலும் அதன் வாசகம் தாத்தா வாரிசுகளுடையதுதான். அனுமதி கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது? கடிதத்தில் உள்ள செய்தியை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லலாம். “அந்த ஆண்டு மழையில் கூத்து நின்றுபோனதை நண்பருக்கு எழுதும்போது வருத்தப்பட்டிருக்கிறார்” என்று எழுதினால் அது செய்தி. அவர் வாக்கியங்களை வரிசையாக எடுத்துப் போட்டால் அது அவர் எழுத்து. நல்ல வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்கள் இந்த வித்தையை நன்றாகவே பழகி வைத்திருப்பார்கள்.

போட்டோக்கள் விஷயத்தில் நல்ல செய்தி இருக்கிறது. போட்டோவின் உரிமை எடுத்தவரின் ஆயுளைப் பொறுத்தது அல்ல. வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டு. எடுத்து 50 ஆண்டுக்குள் வெளியாகவே இல்லை என்றால், எடுத்த ஆண்டின் முடிவிலிருந்து 50. ஆகவே 1955இல் எடுத்து ஆல்பத்திலேயே இருந்துவிட்ட குடும்பப் படத்தின் உரிமை 2005 முடிவோடு போய்விட்டது. 1968இல் பத்திரிகையில் வந்த படத்துக்கு 2018 முடிவோடு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், பழைய கலைஞர்களின் படங்களில் பெரும்பகுதியை யாரிடமும் கேட்காமலேயே பயன்படுத்தலாம் என்று தெரியவரும். ஆனால் எண்பதுகளின் அரங்கேற்றப் படங்கள் இன்னும் பாதுகாப்பில்தான் இருக்கின்றன.

அந்தப் பிற்காலப் படங்களுக்கும் ஒரு வழி உண்டு. கிரே தெருப் பக்கம் இருந்த ஸ்டுடியோக்களில் பல இப்போது இல்லை. யாரைத் தேடுவது? 1978 சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்வது இது: காசு கொடுத்து போட்டோ எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பதிப்புரிமை எடுக்கச் சொன்னவருக்கே. உருவப்பட ஓவியத்துக்கும், பணம் கொடுத்துச் செய்வித்த ஒலிப்பதிவுக்கும், படச்சுருளுக்கும் இதே விதி. அரங்கேற்றத்துக்குக் குடும்பமே போட்டோக்காரரை அழைத்துக் காசு கொடுத்திருந்தால், உரிமையும் குடும்பத்துக்குத்தான். கச்சேரியில் பத்திரிகைக்காரர் வந்து தானாக எடுத்த படம் அப்படியல்ல, அது பத்திரிகைக்கோ அவருக்கோ உரியது. ‘டிரம்’ பத்திரிகையின் பழைய படங்கள் பெய்லி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அந்த மாதிரி இடங்களில் எழுதிக் கேட்டுக் கட்டணம் செலுத்தி வாங்குவதுதான் முறை. உரிமை முடிந்த படத்துக்கும் காப்பகங்கள் பிரதிக் கட்டணம் கேட்கலாம். அது பதிப்புரிமைக்கான காசு அல்ல, தெளிவான பிரதி எடுத்துத் தருவதற்கான காசு.

உரிமையாளர் யாரென்றே தெரியாத படங்களுக்கு நம் 1978 சட்டத்தில் தனி வழி இல்லை. தேடினேன், கிடைக்கவில்லை என்று புத்தகத்தில் ஒரு வரி போடுவது மரியாதை. ஆனால் அது முழுக் கவசம் அல்ல. எங்கெல்லாம் தேடினீர்கள், யாருக்கு எழுதினீர்கள் என்பதைத் தேதியோடு குறித்து வையுங்கள். நாளை உரிமையாளர் வந்து நின்றால், பேசித் தீர்க்க அந்தக் குறிப்பு உதவும்.

ஓவியரைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓவியத்தை வாங்கியவரிடம் பிரேமும் துணியும்தான் இருக்கின்றன. அச்சிடும் உரிமை ஓவியரிடமோ வாரிசிடமோ இருக்கிறது. ஓவியத்துக்கு ஆயுளும் 50 ஆண்டும். வீட்டுக்காரர் மகிழ்ச்சியோடு படம் எடுக்க விட்டார் என்பது போதாது. காட்சிக் கலைகளுக்கான உரிமங்களை ‘டால்ரோ’ என்ற அமைப்பும் கவனிக்கிறது. அங்கே முதலில் விசாரிக்கலாம்.

ஒரு பாட்டுக்குள் எத்தனை உரிமை

இசைக் கலைஞர் என்றால் ஒரே பாட்டில் பல அடுக்குகள். வரிகள் ஒருவருடையது, மெட்டு இன்னொருவருடையது, ஒலிப்பதிவு கம்பெனியுடையது. 1970இல் வெளியான தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2020 முடிவோடு தீர்ந்திருக்கும். மெட்டமைத்தவர் இன்னும் உயிரோடு இருந்தால் மெட்டின் உரிமை தொடரும். புத்தகத்தோடு பாட்டையும் இணையத்தில் கேட்கவைக்க நினைப்பவர்கள் இந்த அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ‘சாம்ரோ’, ‘கபாசோ’ ஆகிய அமைப்புகள் இசை உரிமங்களைக் கவனிக்கின்றன.

நம் கலைஞர்கள் பாடியதில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து வந்த பாட்டுகள். பாரதியார் பாட்டு என்றால் கவலையில்லை. அவர் இறந்தது 1921இல். மதராஸ் அரசு 1949இல் அவர் எழுத்துகளின் உரிமையை வாங்கிப் பின்னர் எல்லோருக்கும் பொதுவாக்கியது. தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் வரிசை நீளமானது. அதைக் கேட்டுப் பழகியதால் ‘பழைய தமிழ்ப் பாட்டு எல்லாம் பொது’ என்ற எண்ணம் இங்கே பரவியிருக்கிறது. அது சரியல்ல. கண்ணதாசன் 1981இல் இறந்தார். அவர் வரிகளுக்குத் தென்னாப்பிரிக்கக் கணக்கில் 2031 முடிவு வரை பாதுகாப்பு. இந்தியாவில் ஆயுளோடு 60 ஆண்டு என்பதால் 2041 முடிவு வரை. புத்தகம் சென்னையிலும் விற்கப் போகிறது என்றால் அந்த நீளமான கணக்கைத்தான் பார்க்க வேண்டும். சினிமாப் பாட்டின் உரிமை கவிஞரின் வீட்டில் இல்லாமல் தயாரிப்பாளரிடமோ இசைக் கம்பெனியிடமோ இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்படியானால் ஒரு வரிகூடப் போட முடியாதா? போடலாம். நம் 1978 சட்டத்தின் 12ஆம் பிரிவு மேற்கோளுக்கு இடம் தருகிறது. சட்டப்படி ஏற்கெனவே வெளியான எழுத்திலிருந்தோ இசையிலிருந்தோ, நியாயமான அளவில், சொல்ல வரும் விஷயத்துக்குத் தேவையான மட்டும் எடுத்து, மூலத்தையும் ஆசிரியர் பேரையும் குறிப்பிட்டால் அது உரிமை மீறல் ஆகாது. இத்தனை வரி, இத்தனை சொல் என்று சட்டத்தில் எண்ணிக்கை இல்லை. “நான்கு வரி வரை ஓகே” என்பது ஊர்ப்பேச்சு. நான் பார்க்கும் அளவுகோல் இது: அந்த வரியை எடுத்துவிட்டால் என் பத்தி நிற்குமா? ஒரு பாடகி குறிப்பிட்ட சொல்லில் எப்படிக் குரலை இழுத்தார் என்று விளக்க இரண்டு வரி தேவை. அத்தியாயத் தலைப்புக்குக் கீழே அலங்காரமாகப் பல்லவி முழுவதையும் போட அது தேவையில்லை. அலங்காரத்துக்கு என்றால் அனுமதி வாங்குங்கள்.

மேற்கோள் விதியில் இரண்டு எல்லைகள் உண்டு. வெளியாகாத டைரிக்கும் கடிதத்துக்கும் அது பொருந்தாது. ஓவியம், போட்டோ இவற்றை முழுசாக அச்சிட அதை நம்பக்கூடாது. பத்திரிகைக் கட்டுரையிலிருந்து சில வாக்கியங்களை எடுப்பது மேற்கோள். ஒரு கட்டுரையை முழுசாகத் தமிழில் மொழிபெயர்த்துப் பின்னிணைப்பில் சேர்ப்பது அப்படியல்ல. மொழிபெயர்ப்பும் உரிமையாளர் கையில் உள்ள உரிமைதான்.

வாரிசு யார் என்று யார் சொல்வது?

அனுமதி கேட்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. யாரிடம்? பதிப்புரிமையும் நிலம், வீடு போலச் சொத்துதான். உயில் இருந்தால் உயில்படி, இல்லாவிட்டால் 1987ஆம் ஆண்டின் உயிலற்ற வாரிசுரிமைச் சட்டப்படி அது வாரிசுகளுக்குப் போகும். அதில் கணவன் அல்லது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு.

நம் சமூகத்தில் இங்கே ஒரு பழைய காயம் குறுக்கிடுகிறது. நம் பெரியவர்களில் பலர் கோயிலில் தாலி கட்டினார்கள், அரசு அலுவலகத்தில் பதியவில்லை. 1913இல் கேப் நீதிமன்றத்தின் சியர்ல் தீர்ப்பு இந்த மாதிரித் திருமணங்களைச் செல்லாது என்றதும், அதை எதிர்த்து நம் பெண்கள் சிறை போனதும், தில்லையாடி வள்ளியம்மை 1914இல் உயிர் விட்டதும் நமக்குத் தெரிந்த வரலாறு. ஆனால் அந்தத் தீர்ப்பின் நிழல் வாரிசுரிமையில் வெகுகாலம் நீடித்தது. நம் காலத்தில்தான் டர்பன் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், இந்துமுறைப்படி நடந்து பதிவாகாத ஒருதாரத் திருமணத்தின் மனைவியும் உயிலற்ற வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவியே என்று சொன்னது. ஆகவே “பாட்டிக்கு சர்டிபிகேட் இல்லை, அவர் கையெழுத்து வேண்டாம்” என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். பாட்டியிடம் கேளுங்கள். சட்டத்துக்காக மட்டும் அல்ல, அந்தக் கலைஞரின் கதையில் பாதி அவரிடம்தான் இருக்கும்.

பல வாரிசுகள் இருந்தால் எல்லோரிடமும் ஒப்புதல் வாங்குவதே பாதுகாப்பு. யார் யார் என்று தெரியவில்லை என்றால், சொத்துக் கோப்புகள் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் இருக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் டர்பனிலும் அலுவலகங்கள் உண்டு. உரிமையை முழுசாக மாற்றிக்கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். “இந்தப் புத்தகத்தில் பயன்படுத்திக்கொள்” என்ற சாதாரண அனுமதி வாய்மொழியாகவும் செல்லும். ஆனால் சொன்னவர் மறந்துபோவார், அல்லது மறைந்துபோவார். எழுதி வாங்குங்கள்.

“அவர் அந்தக் காலத்திலேயே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்” என்று குடும்பம் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த நாட்டில் அதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. சாலமன் லிண்டா 1939இல் ஜொகன்னஸ்பர்க்கில் காலோ என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பாடிய ‘ம்பூபே’, பிறகு அமெரிக்காவில் ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ ஆகி உலகம் முழுவதும் ஒலித்தது. லிண்டா 1962இல் ஏழையாகவே இறந்தார். 2000இல் பத்திரிகையாளர் ரியான் மாலன் அந்தக் கதையைத் தோண்டி விரிவாக எழுதினார். பிறகு வக்கீல்கள் பழைய சட்டத்தைப் புரட்டினார்கள். 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டத்தை நம் நாடு 1916இல் ஏற்றுக்கொண்டிருந்தது. அதன்படி, படைத்தவர் தானே எழுதிக் கொடுத்த உரிமைகூட அவர் இறந்து 25 ஆண்டு கழித்து வாரிசுகளுக்குத் திரும்பும். 2004இல் குடும்பத்தின் சார்பில், அந்தப் பாட்டைத் தன் படத்தில் பயன்படுத்திய டிஸ்னி மீது வழக்கு, 2006இல் உடன்பாடு. பழைய சட்டம் நடப்பில் இருந்த காலத்து ஒப்பந்தம் உங்கள் கலைஞரின் பெட்டியிலும் இருந்தால், தேதியைப் பார்த்து ஒரு பதிப்புரிமை வக்கீலிடம் காட்டுங்கள். ஒரு கலைஞரின் வாழ்க்கையை ஒழுங்காக எழுதினால் அவர் பிள்ளைகளுக்கு நியாயம் கிடைக்கவும் வழி பிறக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

உயிரோடு இருப்பவர்கள்

பதிப்புரிமையில் தவறினால் பெரும்பாலும் பணத்தோடு போகும். மனிதர்கள் விஷயத்தில் தவறினால் காயம் ஆறாது. இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

2002இல் அரசியல்வாதி பட்ரீஷியா டி லில்லின் வாழ்க்கை வரலாற்றைப் பத்திரிகையாளர் ஷார்லீன் ஸ்மித் எழுதினார். மருந்துச் சோதனை ஒன்றில் பங்கேற்ற மூன்று பெண்களுக்கு எச்ஐவி இருந்தது என்பது அவர்கள் பெயரோடு அந்தப் புத்தகத்தில் வந்துவிட்டது. அந்தப் பெயர்கள் ஒரு பல்கலைக்கழக அறிக்கையில் ஏற்கெனவே இருந்தன. அதனால் அந்தப் பெண்கள் சம்மதித்திருப்பார்கள் என்று ஆசிரியர் எடுத்துக்கொண்டார். அவர்கள் பொதுவெளிக்குச் சம்மதிக்கவே இல்லை. வழக்கு அரசமைப்பு நீதிமன்றம் வரை போனது. 2007இல் அந்தப் பெண்களின் அந்தரங்கமும் கண்ணியமும் மீறப்பட்டன என்று தீர்ப்பாகி, ஒவ்வொருவருக்கும் 35,000 ரேண்ட் இழப்பீடு விதிக்கப்பட்டது. மாற்றுப் பெயர் போட்டிருந்தால் புத்தகத்தின் நம்பகம் குறைந்திருக்காது என்றும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

வாழ்க்கை வரலாறு எழுத நினைக்கும் ஒவ்வொருவரும் இந்த வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பெண்கள் கதையின் நாயகிகள் அல்ல, ஓரத்தில் வந்தவர்கள். வாழ்க்கை வரலாறுகளில் ஆபத்து பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. கலைஞரைப் பற்றி இரவும் பகலும் யோசிக்கிறோம். அவரோடு ஒரு சீசன் ஹார்மோனியம் வாசித்தவரின் நோயை, அவர் வீட்டில் தங்கிய பெண்ணின் பெயரை, யாருக்கோ பிறந்த குழந்தையை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். இன்னொரு ஆவணத்தில் இருக்கிறது என்பது சம்மதம் அல்ல. பெயர் தேவைதானா என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவதூறுச் சட்டத்தில், இறந்தவரை அவதூறு செய்ததாக வழக்கு வராது. ஆனால் அவரைப் பற்றிச் சொல்லும்போது உயிரோடு இருக்கும் மகனையோ மனைவியையோ இழிவுபடுத்தினால் அவர்கள் தங்கள் சார்பில் வழக்குப் போடலாம். ‘உண்மையைத்தானே எழுதினேன்’ என்பது இங்கே போதாது. தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் உண்மையாகவும் இருக்க வேண்டும், வெளியிடுவதில் பொதுநலனும் இருக்க வேண்டும். ஒரு கலைஞர் குடித்தார் என்பதால் அவர் கலை எப்படி மாறியது என்று எழுதுவது வேறு. அவருடைய தம்பி மனைவி யாரோடு போனார் என்று எழுதுவது வேறு. நேர்மையான விமர்சனக் கருத்துக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. ஆனால் கருத்து நிற்கும் தகவல்கள் உண்மையாக இருக்க வேண்டும்.

நம் வரலாற்றில் ஒரு சொல்லைக் கைவைக்குமுன் பத்து முறை யோசிக்க வேண்டும்: ‘இன்பார்மர்’. நிறவெறி ஆட்சிக் காலத்தில் போலீசுக்குச் சேதி சொன்னார் என்ற வதந்தி பல கலைஞர்களையும் தொடர்ந்திருக்கிறது. வெள்ளையருக்கும் கலர்டு மக்களுக்கும் இந்தியருக்கும் தனித்தனி அவையோடு 1984இல் வந்த முத்தரப்பு நாடாளுமன்றத்தின் விழாவில் ஆடினார், நிறவெறி ஆட்சிக்கு எதிரான கலாச்சாரப் புறக்கணிப்பை மீறினார் என்ற குற்றச்சாட்டும் அப்படித்தான். எழுத வேண்டிய வரலாறு இது, நான் மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் ஆவணம் வேண்டும், குறைந்தது தனித்தனியாகப் பேசிய சாட்சிகள் வேண்டும். சம்பந்தப்பட்டவர் இருந்தால் அவரிடம் கேட்டு அவர் பதிலையும் சேர்க்க வேண்டும். “சிலர் சொல்கிறார்கள்” என்று தொடங்குவது பாதுகாப்பு அல்ல. அடுத்தவர் சொன்ன அவதூறைத் திருப்பிச் சொன்னாலும் அது நம் அவதூறுதான்.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், அதாவது ‘போப்பியா’, 2021 ஜூலையிலிருந்து முழுமையாக நடப்பில் இருக்கிறது. இலக்கிய, கலை, பத்திரிகை எழுத்துக்கு அதில் தேவையான அளவுக்கு விலக்கு உண்டு. அதற்காக அடையாள எண், வீட்டு விலாசம், மருத்துவக் குறிப்பு எல்லாவற்றையும் பின்னிணைப்பில் போட வேண்டியதில்லை.

காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டியவை

கோயில் கமிட்டியோ குடும்பமோ காசு கொடுத்து எழுத்தாளரிடம் வாழ்க்கை வரலாறு எழுதச் சொல்வது நம் ஊரில் சாதாரணம். காசு கொடுத்தவருக்கே புத்தகம் சொந்தம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மேலே சொன்ன ‘காசு கொடுத்தவருக்கு உரிமை’ விதி போட்டோவுக்கும் உருவப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும்தான். எழுத்துக்கு அல்ல. தனியாக எழுத்தில் மாற்றித் தராவிட்டால் உரிமை எழுதியவரிடமே நிற்கும். இரண்டு பக்கமும் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் நட்பு நிலைக்கும். பதிப்பாளர் தரும் ஒப்பந்தத்தில், வழக்கு வந்தால் எழுத்தாளரே முழுச் செலவையும் ஏற்க வேண்டும் என்ற வாசகம் இருக்கிறதா என்று தேடிப் படியுங்கள். இருந்தால் பேசிக் குறைக்கலாம்.

1978 சட்டம் மாறப்போகிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்த மசோதாவை அதிபர் ரமபோசா 2024இல் அரசமைப்பு நீதிமன்றத்தின் பார்வைக்கு அனுப்பினார். உரிமையாளர் தெரியாத படைப்புகளுக்கான வழியும் அந்த மசோதாவில் உண்டு. அச்சுக்குப் போகும் நாளில் நடப்புச் சட்டம் எது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலுக்கு வருவோம். ஏற்பாடு செய்து பதிவு செய்பவருக்கு ஒலிப்பதிவின் உரிமை உண்டு. பேசியவரின் வார்த்தைகளை நீளமாக அச்சிட அவர் ஒப்புதல் வாங்குவதே முறை. ஒரு பக்கக் கடிதம் போதும்: என்ன புத்தகம், என்ன மொழி, அச்சா இணையமா இரண்டுமா, பெயர் போடலாமா, எதைப் போடக்கூடாது. அவருக்குத் தமிழ் படிக்க வராது என்றால் ஆங்கிலத்திலும் கொடுங்கள். டர்பனில் பல பெரியவர்கள் தமிழில் பேசுவார்கள், படிக்க மாட்டார்கள். வயதானவரிடம் பதிவு தொடங்கும்போதே சொல்லிக் காட்டி, அவர் ‘சரி’ என்பதை நாடாவிலும் பதிந்துகொள்ளுங்கள்.

புத்தகம் வந்ததும் சட்டப்படி தேசிய நூலகம் உள்ளிட்ட சட்டவைப்பு நூலகங்களுக்குப் பிரதிகள் அனுப்ப வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் முசுண்டுசி நூலகமும் அதில் ஒன்று. நேர்காணல் பதிவுகளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுத்துலி ஆவண மையம் போன்ற இடத்துக்குக் கொடுக்க விரும்பினால், அது பிற்பாடு தோன்றும் யோசனையாக இருக்கக் கூடாது. பேசியவரின் ஒப்புதல் கடிதத்தில் ‘இந்தப் பதிவை ஆவணக் காப்பகத்தில் வைக்கவும், அங்கே மற்றவர்கள் கேட்கவும் சம்மதிக்கிறேன்’ என்ற ஒரு வரி முதலிலேயே இருக்க வேண்டும். எப்போது முதல் கேட்கலாம் என்ற தேதியையும் அவரே குறிக்கட்டும்.